பேர் வெட்டணுங்களா?



பாத்திரக் கடையில் குடமோ அடுக்கோ டிபன் கேரியரோ வாங்கினால், பில் போடுவதற்கு முன் கடைக்காரர் ஒன்று கேட்பார். "பேர் வெட்டணுங்களா?"

வெட்டாமல் வாங்கி வருகிறவர்கள் நம் ஊரில் குறைவு. சீர் கொடுக்கிற பாத்திரம் என்றால் கொடுத்தவர் பேர், ஊர், தேதி எல்லாம் ஏறிவிடும். என் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைத் தவலை இருக்கிறது. அதன் கழுத்தில் எங்கள் அம்மாயியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கிவிட்டது. ஆனால் விரலை வைத்தால் இன்னும் தட்டுப்படும்.

ஏன் பெயர் வெட்டுகிறோம்? விசேஷ வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் திரும்பி நம் வீட்டுக்கே வர வேண்டும், அவ்வளவுதான். வரலாற்றில் இடம் பிடிக்க வேண்டும் என்று யாரும் அண்டாவில் பெயர் வெட்டுவதில்லை.

ஆனால் அப்படித்தான் சிலர் வரலாற்றில் இடம் பிடித்துவிட்டார்கள். அதுவும் நம் நொய்யல் கரையிலேயே.

கொடுமணல் என்று ஒரு ஊர். திருப்பூரிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சென்னிமலைக்கு மேற்கே, ஆற்றின் வடகரையில் இருக்கிறது. மாவட்டக் கணக்கில் ஈரோட்டைச் சேர்ந்தது, பெருந்துறை வட்டம். ஆற்றுக் கணக்கில் பார்த்தால் நம் ஊர்தான். ஊட்டி போகிறோம், கொடைக்கானல் போகிறோம், கம்பெனி டூர் என்று தாய்லாந்து, பாலி வரைக்கும்கூடப் போய் வருகிறோம். கொடுமணல் போயிருக்கிறீர்களா என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டேன். பன்னிரண்டு பேரில் ஒருவர் கை தூக்கினார். அவரும் பக்கத்து ஊருக்குப் பெண் பார்க்கப் போனவர்.

அங்கே போனால் கோபுரம் இருக்காது, கோட்டை இருக்காது. காடு, தோட்டம், வேலாமரம், ஆங்காங்கே நட்டு நிறுத்திய பெரிய கற்கள், வட்டமாக அடுக்கிய கற்கள். அவை பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். முன்னூறு போல இருக்கலாம் என்கிறார்கள். குழந்தைகள் "இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்பார்கள். என் மகனும் கேட்டான். கதையைச் சொன்ன பிறகு அவன் அந்தக் கற்களை விட்டு நகரவில்லை.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் கொடுமணம் என்று ஓர் ஊரைச் சொல்கிறார்கள். நல்ல அணிகலன்களுக்குப் பேர் போன ஊர். அந்தக் கொடுமணம்தான் இந்தக் கொடுமணல் என்பது அறிஞர்கள் கருத்து. 1961-இல் சிறிய அளவில் தோண்டிப் பார்த்தார்கள். 1985-இலிருந்து தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் எ. சுப்பராயலு, கா. ராஜன் போன்றவர்களோடு வந்து முறையாகத் தோண்டியது. 2012, 2013-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலிருந்து ராஜன் மீண்டும் வந்தார். அங்கே எடுத்த மாதிரிகளை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் பார்த்ததில், மிகப் பழையது கி.மு. 408 என்று வந்தது.

அந்த மண்ணுக்குள் என்ன கிடைத்தது? ஐந்நூறுக்கும் மேற்பட்ட எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். பெரும்பாலும் பெயர்கள். கண்ணன் ஆதன். பண்ணன். சாத்தன். பானையைச் சுட்ட பிறகு கூரான ஏதோ ஒன்றால் கீறி எழுதிய எழுத்துகள். அரசர் சொல்லி எழுதியவை அல்ல. கோயில் சுவரில் சிற்பி வெட்டியவை அல்ல. "இது என் பானை" என்று சொல்வதற்காக வீட்டுக்காரர்கள் கீறியவை.

நினைத்துப் பாருங்கள். நம் பரணில் இருக்கும் தவலைக்கும் அந்தப் பானைக்கும் என்ன வித்தியாசம்?

அது மட்டுமில்லை. கொடுமணல் தொழில் ஊர். பச்சைக்கல், சூதுபவளம், செவ்வந்திக்கல், பளிங்கு என்று கல்லை உடைத்து, செதுக்கி, தேய்த்து, மெருகேற்றி, துளையிட்டு மணி செய்தார்கள். உடைத்த கல், பாதி செதுக்கிய கல், மெருகேறாத மணி, துளை பாதியில் நின்ற மணி, முழுசாக முடிந்த மணி, கழிவுச் சில்லு எல்லாமே அங்கே கிடைத்திருக்கின்றன. நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டிங் டேபிள், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு பனியன் எத்தனை கை மாறுகிறது என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பத்து வயதிலேயே தெரியும். துளை போடும்போது உடைந்த மணியைப் பார்த்தால் ரிஜெக்ட் ஆன பீஸ் ஞாபகம்தான் வருகிறது. அன்றைக்கு அந்த ஆளுக்கு யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

இரும்பு உருக்கிய உலைகளும் இருந்தன. சங்கை அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். சங்குக்குக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும், இங்கிருந்து எவ்வளவு தூரம்! சுடுமண்ணில் செய்த தக்களிகள் கிடைத்தன. இரும்புக் கம்பி செருகியபடியே சில இருந்தன. ஆமாம், நூல் நூற்ற ஊர் அது. கொங்கு நாட்டில் பஞ்சும் நூலும் நேற்று மில் வந்த பிறகு தொடங்கிய கதை அல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னப் புலி. ஈமச்சின்னம் ஒன்றில் கிடைத்தது. வெண்கலப் புலி, உடம்பில் குழி குழியாகக் குடைந்து வண்ணக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். நீளம் ஒரு சாண்கூட இருக்காது. இறந்துபோன யாரோ ஒருவருக்காக வீட்டார் கூடவே வைத்து அனுப்பியது. இன்னொரு கல்லறையில் சூதுபவள மணி மட்டுமே ஆயிரத்துக்கும் அதிகம்.

இவ்வளவு கல்லுக்கும் எங்கே போனார்கள்? பச்சைக்கல்லுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. நாம் காங்கேயம் போகிற வழியில் படியூர் வருகிறதே, அங்கேதான் கிடைத்தது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற ஊர். 1819-20-இல் வெள்ளைக்காரர்கள் படியூரில் சுரங்கம் தோண்டி இதே கல்லை எடுத்தார்கள். முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி, இந்தக் கல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் பெரில் என்பார்கள். அந்தப் பெயரிலிருந்துதான் ஜெர்மன்காரர்கள் மூக்குக் கண்ணாடிக்கு பிரில்லெ என்று பெயர் வைத்தார்கள் என்று படித்தபோது படியூர் பஸ் ஸ்டாப்பை நினைத்துக்கொண்டேன்.

சூதுபவளம் உள்ளூர்க் கல் அல்ல. அது குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. இன்றைக்கு நம் மில்களுக்குப் பஞ்சு எங்கிருந்து வருகிறது? குஜராத்திலிருந்தும்தானே! கல் வந்த திசையிலிருந்தே இன்று பஞ்சு வருகிறது.

ரோமாபுரிக்காரன் வாங்கியதால்தான் கொங்கு வளர்ந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் கரூரிலும் ரோமானியக் காசுகள் கிடைத்தது உண்மை. ஆனால் கொடுமணலின் காலக்கணிப்பைப் பார்த்தால் ரோமாபுரி வணிகம் சூடு பிடிப்பதற்கு வெகு முன்பே அங்கே தொழில் நடந்திருக்கிறது. கை முதலில் பழகியிருக்கிறது, வாங்குகிறவன் பிறகுதான் வந்திருக்கிறான். 2025-இல் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது ஆர்டர் என்னாகுமோ என்று தூங்காமல் கிடந்த குடும்பங்கள் நம் வாசகர்களில் எத்தனையோ. அந்த நாட்களில் எனக்கு இந்த எண்ணம்தான் கொஞ்சம் தெம்பு தந்தது.

இனி, இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

அந்தப் பானை ஓடுகளில் எல்லாமே தமிழ்ப் பெயர்கள் இல்லை. விஸாகி என்று ஒரு பெயர் இருக்கிறது. சுமணன் என்று ஒன்று. பிராகிருதப் பெயர்கள், வடக்கே புழங்கியவை. நிகம என்ற சொல்லும் கிடைத்திருக்கிறது. வணிகர் கூட்டத்தைக் குறிக்கும் வடக்குச் சொல் அது. கண்ணன் ஆதனும் பண்ணனும் இருந்த ஊரிலேயே இவர்களும் இருந்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களா, வடக்கோடு பழகிப் பெயர் வாங்கிக்கொண்டவர்களா என்பது ஆய்வாளர்கள் பேச வேண்டிய விஷயம். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. அவர்களும் தங்கள் பெயரைத் தாங்களாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், நம்முடைய எழுத்திலேயே.

இன்று நம் ஊரில் ஒடிசாக்காரர், பிகார்காரர், ஜார்க்கண்ட்காரர், வங்காளத்துக்காரர் இல்லாத பனியன் கம்பெனி உண்டா? லைன் வீட்டில் நான்கு கதவில் இரண்டு கதவு அவர்களுடையது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அதே கறிக்கடையில் நம்மோடு வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

"அந்த வடக்குப் பையன்." "ஹிந்திக்காரப் பொண்ணு." இதுதானே நாம் கூப்பிடுவது? நானும் அப்படித்தான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

2023 மார்ச் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். பிகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் போனில் பரவின. அந்த ஹோலிக்கு ஊருக்குப் போக ரயில்வே ஸ்டேஷனில் நின்ற கூட்டத்தில், பயந்துபோய்க் கிளம்பியவர்களும் இருந்தார்கள். அதிகாரிகள் கம்பெனி கம்பெனியாகப் போய்த் தைரியம் சொன்னார்கள். வீடியோக்கள் பொய் என்று அரசு சொன்னது. ஆனால் அந்த வாரத்தில் எனக்கு உறுத்தியது ஒன்றுதான். எங்கள் தெருவில் ஆறு வருஷமாகக் குடியிருந்த ஒரு குடும்பம் பூட்டிவிட்டுப் போய்விட்டது. போன் பண்ணிப் "பயப்படாதீங்க, வாங்க" என்று சொல்லலாம் என்றால் நம்பர் இல்லை. பெயரும் தெரியாது. யாரென்று கேட்டு விசாரிப்பது?

இரண்டு வாரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலில் பெயர் கேட்டேன். அப்பா ஓவர்லாக் டெய்லர். ஒடிசாவில் மகாநதிக் கரைப் பக்கம் ஒரு கிராமம். மனைவி செக்கிங் வேலை. மகள் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். என்னைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுகிறாள். "ஏனுங்கண்ணா, உங்க புக்குல எங்கூரு பத்தி எழுத மாட்டீங்களா?" என்று கேட்டவளே அவள்தான்.

அவள் கேட்ட பிறகு அவர்கள் பக்கத்துக் கடல் வணிகக் கதைகளைத் தேடினேன். தேடியதில் இன்னொரு சின்ன ஊர் கிடைத்தது. செம்பிரான் என்று பெயர். எந்த டூர் பேக்கேஜிலும் வராத ஊர். இந்தோனேசியாவில் பாலித் தீவின் வடக்குக் கரையோரம், மலைச்சரிவில் இருக்கிறது. நம்மவர்கள் போகிற பாலியெல்லாம் தெற்குப் பக்கம். 1980-களின் கடைசியில் அர்திகா என்ற பாலித் தீவு ஆய்வாளர் அங்கே தோண்டினார். வயலுக்கு அடியில் பல அடி ஆழத்தில் இந்திய மட்பாண்டம் கிடைத்தது. உள்பக்கம் வட்டம் வட்டமாகப் புள்ளி வரிசை இட்ட, மெல்லிய தட்டு. 1945-இல் வீலர் தோண்டிய நம் அரிக்கமேட்டில் கிடைத்த அதே வகை. இந்திய எழுத்து கீறிய ஓடு ஒன்றும் அங்கே இருந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் யாரோ சிலர் அந்தத் தட்டுகளைக் கப்பலில் அடுக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள். அந்தக் கிராமத்துக்காரர்கள் அவர்களை இறங்கவும் விட்டிருக்கிறார்கள்.

இதை அந்த ஓவர்லாக் டெய்லரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "பாலி தெரியுமுங்க. எங்க ஊர்ல வருஷா வருஷம் படகு விடுவோமே!"

நாம் கார்த்திகை தீபம் ஏற்றுகிற பருவத்தில்தான் அவர்களுக்குக் கார்த்திகைப் பௌர்ணமி. விடியற்காலையில் ஆற்றுக்கோ குளத்துக்கோ போய், வாழைமட்டையிலும் காகிதத்திலும் சின்னப் படகு செய்து, உள்ளே விளக்கும் வெற்றிலை பாக்கும் வைத்து மிதக்க விடுவார்களாம். முன்னொரு காலத்தில் பாலிக்கும் ஜாவாவுக்கும் கப்பலேறிப் போனவர்களின் நினைவாக. கட்டாக் நகரத்தில் மகாநதிக் கரையில் அதே நாளில் தொடங்கும் பெரிய சந்தைக்குப் பெயரே பாலி யாத்திரை. நாம் ஃபிளைட் பிடித்துப் பார்த்துவிட்டு வந்த தீவை, டிக்கெட்டே வாங்காத மனிதர் ஒவ்வொரு வருஷமும் விளக்கேற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நாமும் போனவர்கள்தான். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்று ஒரு சிற்றூர். அதன் பக்கத்தில் லோபு துவாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, நம் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவுடையது. எதற்காக அங்கே போனார்கள்? கற்பூரத்துக்கு. இந்தோனேசியாவில் இன்றும் கற்பூரத்துக்குக் காப்பூர் பாருஸ் என்றே பெயர். துணிமணிக்குள் பூச்சி வராமல் போட்டு வைக்கிற உருண்டையையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சில் கடை கெடாய், பெட்டி பெத்தி, கட்டில் காத்தில், கப்பல் காப்பால். நம் முன்னோரை அங்கே என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்? பெயரைச் சொல்லியா, இல்லை "அந்த மேற்குப் பையன்" என்றா?

கொடுமணல் போவதாக இருந்தால் இரண்டொரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறும் முன் போங்கள். கீழே ஓடு கிடந்தால் குழந்தைகள் எடுத்துப் பையில் போடப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், தடவட்டும், கிடந்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். இடத்தை விட்டு வந்த ஓடு வெறும் ஓடு. தோட்டத்துக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள், அவர்கள் வெள்ளாமை வைத்த பூமி அது.

ஆற்றையும் பாருங்கள். பார்க்க மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். நீலமும் சிவப்பும் கலந்து ஓடிய நொய்யலை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. விவசாயத்துக்கென்று கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் நின்று நிலமும் கிணறும் கெட்ட கதை அந்தப் பக்கத்து வீடுகளில் கேட்டால் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறினோம். அதற்கு நம் தொழில் கொடுத்த விலை பெரியது, கொடுத்தே ஆக வேண்டிய விலை. கொடுமணல்காரர்கள் குடித்த ஆறு அது. நம் பிள்ளைகளை அதில் கால் நனைக்க விட முடியவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

கொடுமணலில் கிடைத்த பொருட்களை வைப்பதற்கு ஈரோட்டில் நொய்யல் அருங்காட்சியகம் அமைக்க 22 கோடி ரூபாய் என்று 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. நல்ல செய்தி. அது எழும்போது கொடுமணல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை முதல் ஆளாக உள்ளே அழைத்துப்போக வேண்டும் என்பது என் ஆசை. பண்ணன் பெயருள்ள ஓட்டைப் பக்கத்தில் நின்று அவர்கள்தானே முதலில் படிக்க வேண்டும்?

போன வாரம் அந்த ஒடிசாக் குடும்பத்தோடு பாத்திரக் கடைக்குப் போனேன். மகளுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் புது டிபன் கேரியர். கடைக்காரர் வழக்கம்போலக் கேட்டார். "பேர் வெட்டணுங்களா?"

அப்பா புரியாமல் என்னைப் பார்த்தார். மகள் ஒடியாவில் ஏதோ சொன்னாள். தமிழிலா இங்கிலீஷிலா என்று கடைக்காரர் கேட்டதற்கு அவள், "ரெண்டுமில்லீங்க, எங்க எழுத்துல வெட்டுவீங்களா?" என்றாள்.

"எழுதிக் குடு அம்மணி, பாத்து வெட்டித் தர்றேன்."

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவள் அப்பா பெரிதாக எழுதினார். எல்லாம் வட்டம் வட்டமான எழுத்து. கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெஷினைக் கையில் எடுத்தார். முதல் எழுத்தில் கொஞ்சம் தடுமாறினார், அடுத்ததில் கை பழகிவிட்டது. முடித்துத் துணியால் துடைத்து நீட்டினார். அவள் விரலை வைத்துத் தடவித் தடவி, தன் பெயரைச் சத்தமாகப் படித்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் சேர்ந்து கொடுமணல் போகிறோம். புளிச்சோறு எங்கள் வீட்டில். பக்காளப் பாத்து என்று அவர்கள் செய்யும் தயிர் விட்ட பழையசோறு அவர்கள் வீட்டில்.

அன்புடன்,
ஆசிரியர்